கியர்பாக்ஸ் கூட்டுக்கு எந்த மெக்னீசியம்? பெயரில் இருக்கும் ‘ஈ’யைப் பிரித்துப் பாருங்கள்

போன மழைக்காலத்தில் ஒரு தம்பி, சுருட்டிய வரைபடத்தோடு என்னைப் பார்க்க வந்தார். ஆளில்லாச் சிறு ஹெலிகாப்டர் செய்கிற குழு, ஐந்து பேர், கோவையிலேயே வேலை. மெயின் கியர்பாக்ஸின் கூடு அலுமினியத்தில் 4 கிலோ வருகிறது, அதை மெக்னீசியத்துக்கு மாற்ற வேண்டும். மணல் வார்ப்பு, முதல் வருடத்தில் 40 கூடுகள். வரைபடத்தின் மூலையில், மெட்டீரியல் கட்டத்தில் டபிள்யூஈ 43 என்று எழுதியிருந்தது. ஏன் இது என்று கேட்டேன். “டேட்டாஷீட்டுல இதுதாங்கண்ணா எல்லாத்துலயும் மேல இருந்துச்சு” என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. மணலில் வார்க்கக்கூடிய மெக்னீசியக் கலவைகளில் டபிள்யூஈ 43 உண்மையிலேயே உயர்ந்த சாதி. ஆனால் அந்தத் தாளில் ஒரு வரி இருக்காது: இந்த உலோகம் எந்த மண்ணிலிருந்து, யார் கையைத் தாண்டி உங்கள் உலைக்கு வருகிறது என்ற வரி. வார்ப்பு வேலையில் 20 வருடத்துக்கு மேல் இருந்துவிட்டேன். வலிமை போதாமல் நின்ற வேலையைவிட, இங்காட், அதாவது உருக்க வாங்கும் உலோகக் கட்டி, வராமல் நின்ற வேலையைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அன்று அந்தத் தம்பியோடு உட்கார்ந்து பேசியதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இதே முடிவை எடுக்க வேண்டிய மற்றவர்களுக்கும் பயன்படும்.

முதலில் பெயரைப் படிக்கத் தெரிய வேண்டும். மெக்னீசியக் கலவைகளின் பெயர் ஒரு குறியீடு. எழுத்துகள் முக்கியமான கலப்பு உலோகங்களைக் குறிக்கும், எண்கள் அவற்றின் சதவீதத்தைத் தோராயமாகச் சொல்லும். ஏ என்றால் அலுமினியம், இசட் என்றால் துத்தநாகம், டபிள்யூ என்றால் இட்ரியம், வி என்றால் கடோலினியம். ஈ என்றால் அரிய மண் உலோகம். ஆக ஏஇசட் 91இல் 9 சதவீதம் அலுமினியமும் 1 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகத் துத்தநாகமும் இருக்கும். இசட்ஈ 41இல் 4 சதவீதம் துத்தநாகம், 1 சதவீதத்தை ஒட்டி அரிய மண். டபிள்யூஈ 43இல் 4 சதவீதம் இட்ரியம், 3 சதவீதம் மற்ற அரிய மண்.

சிக்கல் அந்த ஈயில்தான். அரிய மண் என்பது ஒரு உலோகம் இல்லை, 17 தனிமங்களின் கூட்டம். இசட்ஈ 41இன் ஈ என்பது பெரும்பாலும் சீரியமும் லாந்தனமும் கலந்த மிஷ்மெட்டல், அதாவது லைட்டர் கல்லில் இரும்போடு சேர்ந்திருக்கும் அதே சரக்கு. டபிள்யூஈ 43இன் ஈ பெரும்பாலும் நியோடிமியம். எழுத்து ஒன்று, பின்னால் இருக்கும் உலோகம் வேறு, சந்தையும் வேறு.

சரி, அதற்கு முன் ஒரு கேள்வி. மெக்னீசியம் உங்களுக்கு வேண்டுமா?

கோவையில் எந்தப் பவுண்டரியிலும் கிடைக்கும் எல்எம் 25 அலுமினியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.68 கிராம். மெக்னீசியக் கலவைகள் 1.8ஐ ஒட்டி இருக்கும். 4 கிலோ கூட்டை அப்படியே மாற்றினால் 2.75 கிலோ ஆகும் என்று கணக்கு சொல்லும். ஆனால் மெக்னீசியத்தின் விறைப்பு 45 ஜிகாபாஸ்கல், அலுமினியத்துக்கு 70. அதே சுவர்க் கனத்தில் வார்த்தால் கூடு அதிகமாக வளையும். கூடு வளைந்தால் பல்சக்கரங்களின் கடி மாறும். அதே விறைப்புக்குத் தட்டையான சுவரைச் சுமார் 16 சதவீதம் தடிமனாக்க வேண்டும். அப்போது எடை 3.2 கிலோ. ஆக நிஜமான மிச்சம் 800 கிராம்தான். ரிப், அதாவது விறைப்புக்கான மெல்லிய மேடு, போட்டு இன்னும் கொஞ்சம் பிடிக்கலாம். அந்த 800 கிராம் உங்களுக்குக் கூடுதல் பேட்டரி, கூடுதல் சரக்கு, கூடுதல் நிமிடம் என்று ஏதாவதாக மாறுமா? மாறாது என்றால் எல்எம் 25லேயே இருங்கள். வலிமை அதிகம், வெப்பத்தை நன்றாகக் கடத்தும், பூச்சு உரிந்தாலும் பதற வேண்டியதில்லை.

இன்னொன்று பேரிங் உட்காரும் இடம். எஃகு பேரிங் சூட்டில் விரிவதைவிடக் கூடு அதிகம் விரியும். 60 மில்லிமீட்டர் துளை 100 டிகிரி ஏறினால், அலுமினியக் கூட்டில் பேரிங்குக்கும் துளைக்கும் நடுவே சுமார் 60 மைக்ரான் தளரும், மெக்னீசியத்தில் 90. இது எல்லா மெக்னீசியக் கலவைகளுக்கும் பொது. துளைக்குள் எஃகு வளையமாக ஒரு லைனர் போடாமல் மெக்னீசியக் கூடு வரையவே கூடாது என்பது என் கருத்து. லைனரின் எடையையும் அந்த 800 கிராமில் கழித்துக்கொள்ளுங்கள்.

தம்பி கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, தங்களுக்கு 500 கிராம் மிஞ்சினாலே போதும் என்றார். அப்படியென்றால் மேலே போகலாம்.

ஏஇசட் 91: அரிய மண்ணே இல்லாதது

இதை விரைவாகத் தாண்டிவிடலாம். உலகத்தில் அதிகம் வார்க்கப்படும் மெக்னீசியக் கலவை இதுதான், விலையும் குறைவு. மின்கருவிகளின் உடல், கேமரா உடல், ஸ்டீயரிங் வீல் போன்றவற்றுக்கு அழகான உலோகம், அதுவும் டைகாஸ்டிங்கில், அதாவது எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்தும் வார்ப்பில். ஆனால் இதன் வலிமைக்குக் காரணமான அலுமினிய மெக்னீசியச் சேர்மம் சூட்டில் தாங்காது. 120 டிகிரியைத் தாண்டினால், இழுத்துப் பிடித்த போல்ட்டுக்கு அடியில் உலோகம் மெல்ல மெல்ல நகர ஆரம்பிக்கும். டேட்டாஷீட்டில் கிரீப் என்று போட்டிருப்பார்கள். காலையில் டார்க் வைத்த போல்ட் ஒரு மாதத்தில் தளர்ந்திருக்கும், எண்ணெய் கசியும். மணல் வார்ப்பில் இன்னொரு தொல்லை: இது உறையும் வெப்பநிலை வீச்சு அகலமானது, அதனால் தடித்த இடங்களில் நுண் துளைகள் விழும். லீக் டெஸ்டில் தேறாத வார்ப்புகளை ரெசின் ஏற்றி அடைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

தம்பியின் கியர்பாக்ஸில் எண்ணெய் 110 டிகிரி, கடினமான ஏற்றத்தில் 130. ஏஇசட் 91 இங்கே கழிந்தது. மூடிகளுக்கும் வெளித்தட்டுகளுக்கும் வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சூட்டுப் பலவீனத்தை அரிய மண் இல்லாமலே சரிசெய்ய வழிகள் உண்டு. பிஎம்டபிள்யூ தன் ஆறு சிலிண்டர் எஞ்சின் பிளாக்கின் வெளிப்பகுதிக்கு ஸ்ட்ரான்ஷியம் சேர்த்த கலவையைப் பயன்படுத்தியது. ஆனால் அதெல்லாம் பெரிய டைகாஸ்டிங் உலகம். வருடத்துக்கு 40 மணல் வார்ப்பு செய்பவருக்கு அந்தக் கதவு திறக்காது.

மூன்று அரிய மண் கலவைகள்

இப்போது விஷயத்துக்கு வருவோம். இசட்ஈ 41, டபிள்யூஈ 43, ஈவி 31 மூன்றிலும் அலுமினியம் இல்லை, பதிலாகச் சிறிதளவு சிர்கோனியம் இருக்கிறது. 1937இல் ஜெர்மனியில் சவெர்வால்ட் கண்டுபிடித்த விஷயம் இது: சிர்கோனியத்தை உருகிய மெக்னீசியத்தில் கரைத்தால், உறையும்போது உலோகத்தின் மணிகள், அதாவது படிகத் துகள்கள், பொடிப்பொடியாக விழும். மணி பொடியாக இருந்தால் வலிமையும் இறுக்கமும் கூடும். அதோடு கெட்ட இரும்பையும் சிர்கோனியம் பிடித்துக்கொண்டு மூசையின், அதாவது உருக்கும் பாத்திரத்தின், அடியில் இறங்கிவிடும்.

சிர்கோனியத்துக்கு அலுமினியம் பரம எதிரி. இரண்டும் சேர்ந்து கட்டியாகி அடியில் படிந்துவிடும். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில், ஏஇசட் 91 ஸ்கிராப் இரண்டு துண்டு இசட்ஈ 41 மூசையில் தவறி விழுந்தது. யாரும் கவனிக்கவில்லை. அந்த உருக்கில் வார்த்த அத்தனையும் மணி பெருத்து, உடைத்த முகம் கல்கண்டு மாதிரி மின்னியது. ஒன்றுகூட லீக் டெஸ்டில் தேறவில்லை. உங்களுக்கு வார்த்துத் தரும் பவுண்டரி இரண்டு வகையையும் செய்கிறதென்றால், மூசையும் ஸ்கிராப் பெட்டியும் தனித்தனியா என்று நேரில் போய்ப் பாருங்கள். சான்றிதழை அப்புறம் பார்க்கலாம்.

இசட்ஈ 41 பழைய குதிரை. பல்லாண்டுகளாக ஹெலிகாப்டர் கியர்பாக்ஸ் கூடுகள் இதில்தான் அதிகம் வார்க்கப்பட்டிருக்கின்றன. துத்தநாகமும் சீரியமும் சேர்ந்து மணிகளின் ஓரத்தில் ஒரு சேர்மத்தை உண்டாக்கி, கடைசியாக உறையும் இடங்களை நிரப்புகின்றன. அதனால் கசிவு குறைவு. நிலையாக வளைய ஆரம்பிக்கும் அழுத்தம், அதாவது ஈல்டு, 140 மெகாபாஸ்கலை ஒட்டி இருக்கும். பெரிய எண் இல்லைதான். 150 டிகிரி வரை நம்பலாம். வெப்பச் சிகிச்சை எளிது: வார்த்ததை 330 டிகிரியில் 2 மணி நேரம், பிறகு 180 டிகிரியை ஒட்டிப் பத்துப் பதினைந்து மணி நேரம் வைத்தால் போதும். தண்ணீரில் முக்கும் வேலை இல்லை, ஆகவே கூடு கோணாது. பலரும் கவனிக்காத ஒன்று: இது வெப்பத்தை டபிள்யூஈ 43ஐவிட இரண்டு மடங்கு நன்றாகக் கடத்தும், 51க்கு 109 வாட். கியர்பாக்ஸுக்கு இது சின்ன விஷயம் இல்லை. எண்ணெயே சில டிகிரி குளிர்ச்சியாக ஓடும்.

இதன் குறை துரு. உப்புத் தெளிப்புச் சோதனையில் இசட்ஈ 41, டபிள்யூஈ 43ஐவிடப் பத்து மடங்குக்கும் மேல் வேகமாக அரிபடும். பழைய ஹெலிகாப்டர்களின் பராமரிப்பில், அரித்துப்போன கியர்பாக்ஸ் கூட்டைச் சுரண்டிப் பூசுவது ஓயாத செலவு. அந்தத் தலைவலிக்கும் மருந்தாக இங்கிலாந்தின் மெக்னீசியம் எலெக்ட்ரான் நிறுவனம் டபிள்யூஈ வரிசையைக் கொண்டுவந்தது.

டபிள்யூஈ 43ஐப் பற்றிச் சொன்னால் எனக்கே ஆசையாக இருக்கும். ஈல்டு 175ஐ ஒட்டி, 250 டிகிரியிலும் வலிமையின் பெரும்பங்கு அப்படியே நிற்கும். இட்ரியமும் நியோடிமியமும் வெப்பச் சிகிச்சையில் மிக மெல்லிய தகடுகளாக மணிக்குள் படிகின்றன. மெக்னீசியத்தின் அணு அடுக்குகள் எந்தத் திசையில் சுலபமாக வழுக்குமோ, அதற்குக் குறுக்கே அவை சுவர் மாதிரி நிற்கின்றன. சூட்டிலும் அந்தச் சுவர் சீக்கிரம் கரையாது. இதற்கு முன் அந்த உயர் சூட்டு வேலையைத் தோரியம் சேர்த்த கலவைகள் செய்தன; கதிர்வீச்சுக் காரணமாக அவை கைவிடப்பட்டன. சிகோர்ஸ்கி எஸ் 92 ஹெலிகாப்டரின் மெயின் கியர்பாக்ஸ் டபிள்யூஈ 43தான். உடம்புக்குள் வைத்துத் தானாகக் கரைந்துபோகும் எலும்புத் திருகுகளும் இந்தக் குடும்பத்துக் கலவையில்தான் செய்யப்படுகின்றன. 2013இல் ஐரோப்பாவில் அதற்கு அனுமதி கிடைத்தது. தீ விஷயத்திலும் இது மெக்னீசியத்தின் கெட்ட பெயரைத் துடைத்த கலவை. மேலே படியும் இட்ரியம் ஆக்சைடு காற்றைத் தடுக்கிறது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் நடத்திய தீச் சோதனைகளில் இதுவும் ஈவி 31உம் தாக்குப்பிடித்தன. அதற்குப் பிறகு, 2015இல், விமான இருக்கைகளில் மெக்னீசியம் கூடாது என்ற பழைய தடை விலகியது.

ஆனால் வார்ப்பது சிரமம். அந்த இட்ரியம் ஆக்சைடு உருகிய உலோகத்தின் மேலும் தோலாகப் படரும். ஊற்றும்போது சலசலத்தால் அந்தத் தோல் மடிந்து உள்ளே போய்விடும், பிறகு எக்ஸ்ரேயில் கறுப்புக் கோடாகத் தெரியும். உருகிய உலோகத்தை மூடிக் காக்கும் உப்புப் பொடியான வழக்கமான குளோரைடு ஃபிளக்ஸ் போட்டால் அது இட்ரியத்தையே தின்றுவிடும். பாதுகாப்பு வாயுவில்தான் உருக்க வேண்டும். அதற்குப் பயன்பட்ட எஸ்எஃப் 6 வாயு புவி வெப்பத்தை மிக மோசமாகக் கூட்டுவது. மாற்றாக வந்த ஒரு திரவத்தைச் செய்த த்ரீஎம் நிறுவனம், அந்த வகை ரசாயனங்கள் அனைத்தையும் 2025 கடைசியோடு நிறுத்துவதாக 2022இலேயே அறிவித்துவிட்டது. இங்காட் இருந்தும் வாயு இல்லாமல் நிற்கும் நிலைமை வரலாம். வெப்பச் சிகிச்சையும் நீளம்: 525 டிகிரியில் 8 மணி நேரம், குளிர்வித்து, 250 டிகிரியில் 16 மணி நேரம்.

ஈவி 31 நடுவில் நிற்கிறது. எலெக்ட்ரான் 21 என்ற பெயரில் இன்னும் பிரபலம். சுமார் 2.8 சதவீதம் நியோடிமியம், 1.3 சதவீதம் கடோலினியம், ஒரு சிட்டிகை துத்தநாகம். இட்ரியம் இல்லாததால் ஊற்றும்போது தோல் தொல்லை குறைவு. வார்க்க ஏறக்குறைய இசட்ஈ 41 மாதிரி. அரிபடுதலில் டபிள்யூஈ 43ஐ ஒட்டி நிற்கும். 200 டிகிரி வரை பயமில்லை. வெப்பம் கடத்துவதும் 116. தன்மைகளை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இதைத்தான் தொடுவேன், டபிள்யூஈ 43ஐ இல்லை.

சரக்கு எங்கிருந்து வருகிறது

மெக்னீசியத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் மேலே சொன்ன எல்லாவற்றிலும் 90 சதவீதத்துக்கு மேல் அதுதான். உலகின் புது மெக்னீசியத்தில் சுமார் 85 சதவீதம் சீனாவில் உற்பத்தியாகிறது. அதிலும் பெரும்பங்கு ஷான்ஷி மாகாணத்தின் ஃபுகு என்ற ஒரே மாவட்டத்தைச் சுற்றி. டோலமைட் கல்லைச் சுட்டு, ஃபெர்ரோசிலிக்கன் பொடியோடு உருண்டை பிடித்து, எஃகுக் குழாய்க்குள் வெற்றிடத்தில் 1200 டிகிரிக்குச் சூடாக்கினால் மெக்னீசியம் ஆவியாகி மறுமுனையில் படியும். 1940களில் கனடாவின் பிட்ஜன் கண்டுபிடித்த முறை. ஃபுகுவில் நிலக்கரியைப் பாதி வேக்காட்டில் கோக் ஆக்கும்போது வரும் வாயு மலிவாகக் கிடைக்கிறது, அதனால் அங்கே குவிந்தது.

2021 செப்டம்பரில், மின்சாரப் பயன்பாட்டைக் குறைக்கச் சொல்லி அந்தப் பகுதி நிர்வாகம் பல உலைகளை நிறுத்தியது, மற்றவற்றைப் பாதிக்குக் குறைத்தது. வருடத் தொடக்கத்தில் டன்னுக்கு 2,000 டாலரை ஒட்டியிருந்த விலை ஐரோப்பாவில் 10,000ஐத் தாண்டியது. எல்எம் 25காரர்களும் தப்பவில்லை, அதிலும் அரை சதவீதம் அளவுக்கு மெக்னீசியம் உண்டே. ஒரு பகுதி நிர்வாகத்தின் ஒரு உத்தரவு, உலகம் முழுக்கப் பவுண்டரிகளில் வேலையை நிறுத்தப் பார்த்தது. இந்தியாவுக்கும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டில் மேக்னசைட் என்ற மெக்னீசியக் கனிமம் கிடைக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது உலைச் செங்கல்லுக்குப் போகிறது, உலோகமாகவில்லை.

ஆக மெக்னீசியத்தின் ஆபத்து எல்லாக் கலவைகளுக்கும் ஒன்றே. வித்தியாசம் வருவது அரிய மண்ணில்.

2025 ஏப்ரல் 4 அன்று சீனா ஏழு அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயமாக்கியது: சமேரியம், கடோலினியம், டெர்பியம், டிஸ்புரோசியம், லுட்டீசியம், ஸ்காண்டியம், இட்ரியம். உலோகமாகப் போனாலும், ஆக்சைடாகப் போனாலும், கலவையாகப் போனாலும் கட்டுப்பாடு உண்டு. யார் வாங்குகிறார், எதற்கு என்று இறுதிப் பயனர் சான்று தர வேண்டும். பரிசீலனைக்கே 45 வேலை நாள் அவகாசம் எடுத்துக்கொள்ளலாம். ராணுவப் பயன் என்ற வாசனை வந்தால் கதவு மூடும், பறக்கும் எந்திரம் என்றாலே அந்தச் சந்தேகம் வரும். அதற்குப் பிறகு சீனாவுக்கு வெளியே இட்ரியத்தின் விலை பல மடங்கு ஏறியது.

பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். டபிள்யூஈ 43இன் இட்ரியம் இருக்கிறது. ஈவி 31இன் கடோலினியம் இருக்கிறது. இசட்ஈ 41இன் சீரியமும் லாந்தனமும் இல்லை. நியோடிமியமும் இல்லை.

இது தற்செயல் இல்லை. இட்ரியம், கடோலினியம் போன்ற கனமான அரிய மண்கள் பெரும்பாலும் தென்சீனாவிலும் மியான்மரின் கச்சின் பகுதியிலும் கிடைக்கும் ஒரு வகைக் களிமண்ணிலிருந்து வருகின்றன. வேறு இடங்களில் வெட்டி எடுத்தாலும் பிரிக்கும் ஆலைகள் சீனாவில்தான் அதிகம். சீரியத்தின் கதை நேர் எதிர். காந்தத்துக்காக நியோடிமியம் எடுக்கும் பெரும்பாலான சுரங்கங்களிலும் அதைவிட அதிகமாகச் சீரியமும் லாந்தனமும் சேர்ந்தே வெளியே வரும், வாங்க ஆள் போதாது. அமெரிக்காவில் உண்டு, ஆஸ்திரேலியாவில் உண்டு, நம் கடற்கரையிலும் உண்டு.

நம் கடற்கரை என்று சும்மா சொல்லவில்லை. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில், தோரியமும் அரிய மண்ணும் அடங்கிய மோனசைட் கனிமத்தைக் கண்டுபிடித்தார். அந்த மணல் மணவாளக்குறிச்சிக் கரையினுடையது. அவருக்கு வேண்டியது தோரியம், அந்தக் காலத்து வாயு விளக்குகளின் மேன்டிலுக்கு. பெட்ரோமாக்ஸ் விளக்கில் சுடர்விட்ட அதே வலை. தோரியத்தை எடுத்த பிறகு மிஞ்சிய குப்பைதான் சீரியமும் லாந்தனமும் நியோடிமியமும். அந்தக் குப்பைக்குப் பயன் தேடியபோது பிறந்ததுதான் மிஷ்மெட்டல். இன்று மணவாளக்குறிச்சி, கேரளத்தின் சவரா, ஒடிசாவின் சத்ரப்பூர் ஆகிய இடங்களில் ஐஆர்ஈஎல் என்ற மத்திய அரசு நிறுவனம் மணலைப் பிரிக்கிறது. நம் மோனசைட்டின் அரிய மண்ணில் ஏறக்குறையப் பாதி சீரியம், ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக நியோடிமியம். இட்ரியம் மிகச் சொற்பம். இசட்ஈ 41க்கு வேண்டியது நம் மண்ணில் கொட்டிக் கிடக்கிறது, டபிள்யூஈ 43க்கு வேண்டியது இல்லை.

கொட்டிக் கிடக்கிறது என்று எழுதும்போது மனசு உறுத்துகிறது. கிள்ளியூர்ப் பகுதியில் புதிய மணல் சுரங்கத் திட்டத்தை மீனவ ஊர்கள் எதிர்க்கின்றன. கரை அரிப்பும் கதிர்வீச்சும் அவர்கள் வாழ்க்கையின் கேள்விகள். என் கணக்கில் அவர்களின் பங்கு எழுதப்படாமல் இருக்கக்கூடாது. ஒரு கிலோ கலவைக்கு எத்தனை கிராம் அரிய மண் செலவாகிறது என்று நான் எண்ணிப் பார்ப்பதற்கு விலை மட்டும் காரணம் இல்லை.

எண்ணிப் பார்ப்போம். 3 கிலோ கூட்டுக்குக் உலோகம் ஓடும் வழியான கேட், உறைந்து சுருங்கும்போது ஈடுகொடுக்கும் ரைசர் எல்லாம் சேர்த்து 9 கிலோ ஊற்ற வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டபிள்யூஈ 43 என்றால் அதில் 360 கிராம் இட்ரியம், அதன்மேல் நியோடிமியமும் மற்றவையும் 270 கிராம். ஈவி 31இல் சுமார் 250 கிராம் நியோடிமியமும் 120 கிராம் கடோலினியமும். இசட்ஈ 41இல் மொத்த மிஷ்மெட்டலே 110 கிராம்தான். ரைசரைத் திரும்ப உருக்கலாம் என்றாலும் ஒவ்வொரு உருக்கிலும் இட்ரியம் கொஞ்சம் ஆக்சைடாகிப் போய்விடும். சீரியமும் போகும், ஆனால் அதை ஈடுகட்ட ஆகும் செலவு சிறியது.

சீரியம் எப்போதும் மலிவாகவே இருக்கும் என்றும் நம்பிவிட வேண்டாம். 2010இல் சீனா ஒதுக்கீட்டை இறுக்கியபோது, அடுத்த வருடத்தின் நடுவில் சீரியத்தின் விலைகூடக் கிலோ 100 டாலருக்கு மேல் போனது. ஆனால் அது இறங்கவும் செய்தது, ஏனென்றால் எடுக்க வேறு இடங்கள் இருந்தன.

இதில் ஒரு இடைவெளியையும் சொல்லியாக வேண்டும். நம்மிடம் ஆக்சைடு இருப்பதால் இங்காட் இருக்கிறது என்று ஆகாது. ஆக்சைடை உலோகமாக்க வேண்டும், அதை மெக்னீசியத்தோடு செறிவாகக் கலந்து மாஸ்டர் அலாயாக்க வேண்டும், பிறகுதான் மூசை. மூசைக்கு முந்தைய இந்த இரண்டு படிகள் இன்றும் பெரும்பாலும் சீனாவிலும் இங்கிலாந்திலும்தான். மிஷ்மெட்டலுக்கு அந்தப் படிகள் எளிது, தனிமங்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் பெரிய வேலையே இல்லை. அதனால்தான் இசட்ஈ 41க்கு நாம் என்றாவது உள்ளூரிலேயே சங்கிலியை முடித்துவிடலாம் என்ற நம்பிக்கை எனக்கு இருக்கிறது. பெங்களூரில் எச்ஏஎல் வார்ப்பாலை மெக்னீசியம் வார்க்கிறது, காரைக்குடியில் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் பல வருடமாக மெக்னீசிய மின்பகுப்பில் ஆராய்ச்சி செய்கிறது. கைகள் இருக்கின்றன, கோத்துக்கொள்ளவில்லை.

தம்பிக்கு என்ன சொன்னேன்

எங்கே பறக்கப் போகிறது என்று கேட்டேன். மலையூர்களுக்குச் சரக்கு கொண்டுபோக. பின்னால் கடலோர வேலைக்கும் ஒருவர் விசாரித்திருக்கிறார், இன்னும் உறுதியில்லை.

130 டிகிரிக்கு டபிள்யூஈ 43 தேவையே இல்லை. அதன் பெரும் பலமான 250 டிகிரியை அந்தக் கியர்பாக்ஸ் ஒருநாளும் பார்க்காது; பார்த்தால் எண்ணெயும் சீலும் முதலில் செத்துவிடும். மிச்சமிருக்கும் ஒரே காரணம் அரிபடாமை. அதை இசட்ஈ 41இல் பூச்சால் வாங்கலாம், ஒழுக்கம் இருந்தால்: முழுக் கூட்டுக்கும் அனோடைசிங், அதன்மேல் ரெசின் சீல், பிறகு எபாக்சி. எஃகு போல்ட் நேரடியாக மெக்னீசியத்தைத் தொடக்கூடாது, நடுவில் அலுமினிய வாஷர். தண்ணீர் தேங்கும் குழி ஒன்றுகூட வடிவத்தில் இருக்கக்கூடாது. சர்வீஸில் கீறல் விழுந்தால் அன்றைக்கே தொட வேண்டும், அடுத்த மாதம் இல்லை. இந்த ஒழுக்கத்துக்கு ஆள் வைக்க முடியாது என்றால் இசட்ஈ 41 உங்களுக்கு இல்லை.

கடலோர வேலை உறுதியானால் ஈவி 31. கடோலினியமும் உரிமப் பட்டியலில்தான் இருக்கிறது, ஆனாலும் கூட்டுக்கு 120 கிராம் என்பது 360 கிராமைவிடச் சமாளிக்கக்கூடியது. அந்த வேலைக்கு மட்டும் இரண்டு வருட இங்காட்டை முன்கூட்டியே வாங்கி, காய்ந்த இடத்தில் அடுக்கி வைக்கச் சொன்னேன். மெக்னீசிய இங்காட் சுலபத்தில் தீப்பிடிக்காது, சீவல்தான் பிடிக்கும். மெஷினிங் கடையில் சீவலைத் தினமும் மூடிய டப்பாவில் எடுத்துவிட வேண்டும். உலர்ந்த மணல் வாளி பக்கத்திலேயே இருக்க வேண்டும், தண்ணீர் பக்கமே போகக்கூடாது.

“ரெண்டு மெட்டீரியலுக்கும் ரெண்டு பேட்டர்ன் செய்யணுங்களாண்ணா?” என்று கேட்டார். அது நல்ல கேள்வி. இரண்டும் வார்ப்பில் ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துகொள்ளும், மணலில் அச்செடுக்கும் மாதிரியான பேட்டர்ன் ஒன்றே போதும். ஆனால் ஈவி 31ஐ 520 டிகிரியிலிருந்து தண்ணீரில் முக்க வேண்டும், அங்கே கூடு கொஞ்சம் கோணும். அதற்கு இடம் விட்டு, பேரிங் முகங்களில் மெஷினிங் அலவன்ஸை, அதாவது கடைந்தெடுக்க விடும் கூடுதல் கனத்தை, இப்போதே ஒரு மில்லிமீட்டர் கூட்டிப் போட்டோம். மெட்டீரியல் கட்டத்தில் டபிள்யூஈ 43ஐ அடித்துவிட்டு இசட்ஈ 41, டி 5 (தண்ணீரில் முக்காத அந்த வெப்பச் சிகிச்சை) என்று எழுதினார். அடியில் ஒரு குறிப்பும் சேர்த்தார்: இங்காட் சான்றிதழில் அரிய மண் மொத்தமாக மட்டும் இருந்தால் ஏற்கப்படாது, சீரியம், லாந்தனம், நியோடிமியம் ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் என்று தனித்தனியே வேண்டும்.